ஐந்து வாசல் வாத்துக்கூடு

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

சந்தைக்கு மரக்கறி வாங்கப் போனேன். ஐந்து வாத்துகளோடு வீடு வந்தேன். கத்தரிக்காயும் இல்லை, போஞ்சியும் இல்லை.

பெட்டிக்குள் கிடந்து அவை போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்று அதட்டிய டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கேற்றடியில் நின்ற என் வீட்டுக்காரர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன் வேறென்ன கேட்பார்? “இத்தனை பேரையும் எங்க ஏத்தப் போற?”

ஏன் வாங்கினேன்? ரிட்டயர் ஆகி சும்மா இருந்த கொழுப்பா? அதில் ஒன்று கழுத்தை ஒருபக்கம் சாய்த்து என்னைப் பார்த்தது. சின்ன வயதில், பன்வில தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால், அண்ணன் தேயிலைப் பெட்டியை உடைத்துக் கட்டிய கூட்டில் கருப்பாயி என்று ஒரு வாத்து இருந்தது. அதுவும் இப்படித்தான் பார்க்கும். அம்மா துணி துவைக்கப் பீலிக்குப் போனால் பின்னாலேயே போகும். அதன் பின்னால் அண்ணன், அண்ணன் பின்னால் நான்.

அவ்வளவுதான் காரணம்.

பெப்ரவரி 12, புதன், பௌர்ணமிப் போயா

கூடு வரைந்தேன். பழைய விடைத்தாளின் பின்பக்கம், அடிமட்டம் வைத்து, அளவெல்லாம் குறித்து. ஐந்து வாத்துக்கு ஐந்து அறை, வரிசையாக. ஆளுக்கொரு வாசல். மேலே ஒரே தகரம். முன்னால் ஒடுங்கலாக ஒரு நடை, தண்ணீர் ஓட சீமெந்துக் கான். சண்டை சச்சரவு வராது. எனக்கு நானே தொண்ணூறு மார்க்ஸ் போட்டுக்கொண்டேன்.

“இது என்ன, பஸ் ஸ்டாண்டா?” என்றார் இவர். படம் பார்க்கத் தெரியாத ஆளிடம் காட்டியது என் பிழை.

அண்ணன் இருந்திருந்தால் ஒரு தரம் பார்த்தே சரி பிழை சொல்லியிருப்பார். இருந்திருந்தால் என்ன இருந்திருந்தால்? இருக்கிறார். அதே பன்விலயில், அதே லயத்தில். எங்கள் கெலிஓயா வீட்டிலிருந்து இரண்டு பஸ். மூன்று வருஷமாகப் பேச்சில்லை.

பெப்ரவரி 22, சனி

மேசன் பாஸ் வந்து இரண்டு நாளில் கட்டி முடித்தார். “டீச்சர் சொன்னா சரிதான்” என்று படத்தில் உள்ளபடியே செய்தார். சுற்றிவரக் கம்பி வலை அடித்து, மேய ஒரு சின்ன முற்றமும் வைத்தாயிற்று.

சாயந்திரம் ஒன்றும் உள்ளே போகவில்லை. இவர் பின்னால் நின்று, “உள்ளுக்குப் போங்க, உள்ளுக்கு எடம் இருக்கு” என்று பழைய தொழிலை எடுத்தார். போயின. ஐந்தும் நடு அறைக்குள். மற்ற நாலு அறையும் காலி. பிடித்துப் பிரித்து அறைக்கு ஒன்றாய் விட்டுக் கதவைச் சாத்தினேன். பிறகு தொடங்கியது பாருங்கள் கச்சேரி.

பெப்ரவரி 24, திங்கள்

பக்கத்து வீட்டு பஸ்னா வேலிக்கு மேலால்: “ராணி அக்கா, ஒங்கட தாரா எல்லாம் ஏன் இப்பிடி கத்துது? எங்களுக்கு ஒரு பொட்டுத் தூக்கமில்ல.” மன்னிப்புக் கேட்டேன்.

மார்ச் 3, திங்கள்

கோவிலுக்குப் போய்வர ஒரு மணி நேரம். அதற்குள் கீரி வலைக்கு அடியால் தோண்டி உள்ளே வந்திருக்கிறது. போனது எது? கழுத்தைச் சாய்த்துப் பார்க்கும் அதேதான். முற்றமெல்லாம் இறகு.

ஐயோ, நான் என்னத்த டீச்சர்? ஒரு வாத்தைக் காப்பாத்தத் தெரியல. அடிமட்டம் வச்சுக் கோடு போட மட்டும் தெரியுது.

மார்ச் 4, செவ்வாய்

வாத்துக்காக மட்டும் அழவில்லை. எழுதிவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன், மகள் தர்ஷிகாவின் கல்யாணம். தாய்மாமன் சீரோடு அண்ணன் வந்தார். பின்னால் பதினொரு தட்டு. முன்னால் அவரே தோட்டத்துத் தப்பு மேளம் அடித்துக்கொண்டு. மாப்பிள்ளை வீட்டார் கொழும்பு ஆட்கள். அவர்களிடம் சொந்த ஊர் கண்டி என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன், தோட்டம் என்று சொல்லவில்லை. மண்டப வாசலுக்கு ஓடினேன். “அண்ணே, தப்பு உள்ள வேணாம். வெளியிலயே வச்சிட்டு வாங்க.” காதோடுதான் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது போதாதா?

சீரை இறக்கினார். மகளின் தலையில் கை வைத்தார். பந்தியில் உட்காரவில்லை. போகும்போது, “இனி ஒன் வீட்டுல கை நனைக்க மாட்டேன் ராணி” என்றார். சத்தம்கூடப் போடவில்லை. சாப்பிட மாட்டேன் என்பதற்கு எங்களுக்குள் இதைவிடப் பெரிய சொல் கிடையாது. அதன்பிறகு எத்தனை அழைப்பு, எத்தனை தீபாவளி. வரவில்லை.

நான் படிக்க வேண்டும் என்று எட்டாம் வகுப்போடு நின்று, தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்தவர். அவரைப் பார்த்து எனக்கு வெட்கம் வந்தது. எனக்கு.

மார்ச் 8, சனி

பன்விலக்குப் போனேன். படத்தையும் கொண்டு போனேன்.

அண்ணி ரொட்டியும் சம்பலும் வைத்தார். மூன்று ரொட்டி சாப்பிட்டேன், யாரும் கெஞ்சாமலே. அண்ணன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வாத்து வளக்குறேன் அண்ணே. ஒன்ன கீரி தூக்கிருச்சு” என்று படத்தை நீட்டினேன்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். விரலால் ஒவ்வொரு வாசலாக எண்ணினார்.

“யாரு வரைஞ்சா?”

“நாந்தான்.”

“ஒரே தகரம். முன்னுக்கு கான். ஆளுக்கொரு காம்பரா.” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “டீச்சரம்மா லயத்த மறக்கலையே.”

முகத்தை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை. அவர் சொல்லும்வரைக்கும் எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. எல்லோரிடமும் மறைத்த அந்த வரிசை வீட்டை விடைத்தாளில் அளவோடு வரைந்து வைத்திருக்கிறேன்.

“வாத்து எங்கடி தனித்தனியா படுக்கும்? ஒண்டிக்கிட்டு படுக்குற சாதி அது” என்றார். படத்தை மடித்துக் கையில் தந்து, “அடுத்த ஞாயித்துக்கெழம வாரேன். வாத்துக்காக” என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

ஏழரைக்கே வந்துவிட்டார். ஒரு பையில் சுத்தியலும் வாளும். இன்னொரு பையில் ரொட்டிப் பொட்டலமும் போத்தலில் பிளேன்டீயும். அந்த இரண்டாவது பை, என் வீட்டில் கை நனைக்காமல் இருக்க.

தடுப்பு நாலையும் கழற்றினார். ஒரே அறை. வாசலில் நாலை அடைத்து, மிச்சமிருந்ததை அகலமாக்கினார். வாத்துகள் ஒன்றாக முட்டிக்கொண்டுதான் நுழையுமாம், ஒடுங்கலாக இருந்தால் கால் மிதிபடும். படியை எடுத்துவிட்டுச் சரிவாய் ஒரு பலகை. காற்றுப்போக்கு கூரைக்குக் கீழே, வாத்தின் தலைக்கு மேலே. தரைக்கு மரத்தூள். அலவாங்கால் சுற்றிவர ஒரு அடி தோண்டி, வலையைப் புதைத்து, அடியை வெளிப்பக்கமாக மடக்கினார். “கீரி வலை ஓரத்துலதான் தோண்டும். தோண்டட்டும், கம்பிலதான் முட்டும்.” பைப்படியில் ஒரு சின்னக் குளம். அழுக்குத் தண்ணீர் வாழைக்குப் போகிறது.

குசினி அடுப்பில் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன், கத்தரிக்காய் போட்டு. அம்மா வைத்தால் அண்ணன் சட்டியை வழித்துச் சாப்பிடுவார். பன்னிரண்டு மணிக்குப் பலா மரத்தடியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். நான் குசினி ஜன்னலில் நின்று பார்த்தேன். “அண்ணன் ஏன் வெளியில திங்கிறாரு?” என்று பஸ்னா கேட்டாள். காற்று நல்லா இருக்காம் என்று பொய் சொன்னேன்.

சாயந்திரம் நாலு வாத்தும் தாமாகவே ஒன்றாக ஏறிப் போயின. இவருக்கு வேலை இல்லாமல் போயிற்று.

மார்ச் 17, திங்கள்

விடியும்வரை ஒரு சத்தமில்லை. கருவாட்டுக் குழம்பை நானும் இவரும் மூன்று வேளை சாப்பிட்டோம்.

மார்ச் 23, ஞாயிறு

கூட்டுக் கதவின் கொக்கி சரியில்லை என்று அண்ணன் மறுபடியும் வந்தார். கொக்கி நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் போய் நின்றேன்.

“அண்ணே, அன்னைக்கி நான் ஒங்கள நெனச்சு வெக்கப்பட்டுட்டேன். மன்னிச்சிருங்க.”

ஆணி அடித்துக்கொண்டே, “தெரியும்டி” என்றார். “அதான் தாங்கல.”

பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் பலா மரத்தடி, ரொட்டி, பிளேன்டீ. என்ன செய்ய? சொன்ன சொல் சொன்னதுதானே.

ஏப்ரல் 2, புதன்

முதல் முட்டை! மரத்தூளுக்குள், இலேசாய்ப் பச்சை ஓடிய வெள்ளை. இவர் உடைத்துக் குடிக்கவேண்டும் என்றார். கையைத் தட்டிவிட்டேன்.

அம்மா ஒரு முட்டையை அவித்து, தையல் நூலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துச் சரி பாதியாக அறுப்பாள். பாதி அண்ணனுக்கு, பாதி எனக்கு. எனக்குப் பள்ளிக்கூடச் சோதனை நடக்கும் நாட்களில் அண்ணன் தன் பாதியையும் என் பக்கம் தள்ளிவிடுவார். “எனக்கு முட்ட வாடை புடிக்காது.” எத்தனை வருஷம் அதை நம்பினேன்! நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

குளத்துக்குக் கல் பதிக்க அண்ணன் வந்தார். நான் முட்டையை அவித்தேன். ஒன்றுதான். தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து அறுத்தேன். நூல் சறுக்கியதில் ஒரு பாதி கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

அவர் கை கழுவிவிட்டு மரத்தடியில் உட்காரும்போது தட்டை முன்னால் வைத்தேன். பெரிய பாதியை அவர் பக்கம் திருப்பி.

பார்த்துக்கொண்டே இருந்தார். “எனக்கு முட்ட வாடை புடிக்காதே.”

“பொய்யின்னு தெரியும்ணே.”

என் பாதியை வாயில் போட்டுக்கொண்டேன். அவர் தன் பாதியை எடுத்தார். மெதுவாக, நெடுநேரம் மென்றார். பொட்டலம் பக்கத்திலேயே கிடந்தது. எழுந்து, குசினிக் கதவடியில் செருப்பைக் கழற்றினார்.

“ராணி, சோறு ஆக்கி இருக்கியா?”

மூன்று தரம் போட்டேன். மூன்றாம் தரம் அவரே சட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். ரொட்டிப் பொட்டலம் மரத்தடியிலேயே கிடந்தது. சாயந்திரம் பிய்த்து வாத்துகளுக்குப் போட்டேன்.