கடைசிப் பக்கத்து விலாசம்

தேனி,
8.3.1974

அன்புள்ள ராமுத்தாய்க்கு,

ஜெபராணி அக்கா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே சுகம். நீயும் உன் மகள் ராஜாத்தியும் சுகந்தானே? போன கடிதத்துக்கு நீ பதில் போடாததில் எனக்குக் கோபம்தான். இன்றைக்கு அதைப் பேசப் போவதில்லை.

உன் புத்தகம் வந்துவிட்டது! கோடை விடுமுறைக்கென்று நம் தட்டான் பதிப்பகம் போடுகிற புத்தகங்களில் இந்த வருஷம் ‘ஏலக்காய் மூட்டையில் எலி’தான் எனக்குச் செல்லம். பூனைக்குப் பயந்து தாய் எலியும் குட்டியும் மூட்டைக்குள் ஒளிந்துகொள்ள, ஏலக்காய் வாசத்தில் குட்டி தும்மித் தொலைக்கிறதே, அந்த இடத்தில் அச்சுக் கோக்கிற சுகிர்தம் வேலையை விட்டுவிட்டுச் சிரிக்கிறாள். பெரிய பிள்ளைகளுக்காக ஒரு காட்டுக் கதையும் வருகிறது. அதன் அட்டையில் வர்ணம் அப்பிவிட்டது, அதைக் கேட்டு என் வாயைக் கிளறாதே.

நீ சொன்னபடி ‘தும்பை அக்கா’ என்றே பெயர் போட்டிருக்கிறேன். இத்தனை கூச்சம் எதற்கடி? கடைசிப் பக்கம் மட்டும் நம் வழக்கப்படி. அப்பா காலத்திலிருந்து, எழுதியவர் விலாசம் இல்லாமல் நாம் ஒரு புத்தகம் போட்டதில்லை. ‘அக்காவுக்குக் கடிதம் எழுதுங்கள்’ என்று, நீ பாடம் நடத்தும் பள்ளிக்கூட விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் எழுதினால் சோம்பல் படாமல் பதில் போடு.

கம்பம், பெரியகுளம், போடி என்று எல்லா ஊர்க் கடைக்கும் புத்தகக் கட்டு போய்ச் சேர்ந்துவிட்டது. உனக்கு ஒரு பிரதி இத்தோடு வருகிறது. ராஜாத்திக்கு முத்தம்.

உன் அன்பு அக்கா,
ஜெபராணி


கடமலைக்குண்டு,
11.3.1974

அக்கா,

நலம் விசாரிக்கக்கூடக் கை ஓடவில்லை. கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் கதவைத் தாழ்போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

ராஜாத்தி அப்பாவைப் பற்றி நீங்கள் கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றினேன் அல்லவா? அவர் போடியில்தான் இருக்கிறார். ஏலக்காய்க் கமிஷன் கடை சுருளியாண்டி. போன ஆவணியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டிலிருந்து பஸ் ஏறினேன். என் இடது கை இன்னும் சரியாக மடங்காது. “நீ எங்கிட்டும் தொலைஞ்சு போ. எம்பிள்ளையக் கொண்டுபோனே, உன்னய உசுரோட விடமாட்டேன்” என்று சொன்ன மனுஷன் அவர். சொன்னால் செய்வார்.

பெயரை மாற்றி என்ன புண்ணியம்? ராஜாத்தி சோறு தின்ன அடம்பிடிக்கிறபோதெல்லாம் அந்த வீட்டு அடுப்படியில் நான் சொன்ன கதை அது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் தங்கச்சி மொக்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து எலி மாதிரித் தும்மிக் காட்டுவாள். அச்சில் வரப்போகிற சந்தோஷத்தில் இது என் புத்தியில் படவில்லையே, பாவி நான்!

உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். போடியில் இருக்கிற புத்தகத்தையெல்லாம் எப்படியாவது திரும்ப வாங்கிவிடுங்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே பிள்ளையை அடுப்படிக்குள் தள்ளிவிடுகிறேன். அவள், “யாரும்மா, பூனையா?” என்று கேட்கிறாள்.

ராமுத்தாய்


தேனி,
14.3.1974

என் தங்கமே,

உன் கடிதம் கிடைத்த கையோடு போடிக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஜெபம்தான். எப்படி எழுதுவேன்? கடையில் ஒரு புத்தகம் இல்லை.

கடைக்காரர் பொன்னுராஜ் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: “கட்டு முழுசும் வித்துப்போச்சும்மா! நான் வெளிய போயிருந்தேன், எம்பொஞ்சாதிதான் குடுத்திருக்கா. சுருளியாண்டி கமிஷன் கடை இருக்குல்ல, அந்த வீட்டாளுக வந்து மொத்தமா வாங்கிட்டுப் போயிட்டாகளாம். கடைசிப் பக்கத்தைத்தான் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னாகளாம்.”

புத்தகம் விற்ற அந்த அம்மாவிடமே கேட்கலாமென்றால் அவர் குச்சனூர்க் கோயிலுக்குப் போய்விட்டார்.

உடனே பிள்ளையோடு இங்கே வந்துவிடு. பதிப்பகத்து மாடி அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். மற்ற ஊர்க் கட்டுகளைத் திரும்ப வரவழைக்கிறேன். அப்பா வைத்த வழக்கம் என்று பெருமை பேசினேனே, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? என் கையாலேயே உன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டேன். பயமாக இருக்கிறது ராமுத்தாய். வா.

ஜெபராணி


16.3.1974

அக்காவுக்கு,

இதைப் பஸ் ஸ்டாண்டில் வைத்து எழுதுகிறேன். எந்த ஊர்ப் பஸ் என்று எழுதமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டுக்கு எப்படி வருவேன்? பதிப்பக விலாசமும் அதே புத்தகத்தில்தானே இருக்கிறது. முதலில் அங்கேதான் வருவார்.

பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அன்பாகத்தான் செய்தீர்கள். ஆனால் இனி எனக்கு எழுதாதீர்கள், நானும் எழுதமாட்டேன். கடிதம் போனால் பின்னாலேயே ஆள் வரும்.

ராஜாத்தி எலிப் புத்தகத்தைக் கீழே வைக்கமாட்டேன் என்கிறாள். கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்துவிட்டுப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்திருக்கிறேன்.

ராமுத்தாய்


தேனி,
2.4.1974

அன்புள்ள ராமுத்தாய்,

எழுதாதே என்றாய். எழுதாமல் எப்படி இருப்பேன்? பள்ளிக்கூடத்துக்கே அனுப்புகிறேன், யாராவது உன்னிடம் சேர்க்கமாட்டார்களா!

நேற்று நம் பதிப்பகக் கடைக்கு ஒரு பெண் வந்தாள். தலையில் கூடை, மேலே வாழை இலை. இலையை எடுத்தால் உள்ளே போடிக் கட்டு முழுசும். மொக்கம்மாள்! புத்தகம் வாங்கியது அவள்தானடி, உன் வீட்டுக்காரர் இல்லை.

“பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசிச்சுச்சுக்கா. கேட்டதுமே, அட, இது எங்க வீட்டு எலியாச்சேன்னு வெளங்கிருச்சு. கடைசியில விலாசத்தையும் வாசிச்சுச்சு. அந்தப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிக்கிட்டு, ஓடிப்போய் கடையில இருந்த அம்புட்டையும் வாங்கிட்டு வந்தேன். விலாசத்தையெல்லாம் கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன். கதைய எரிக்க மனசு வரல. பிள்ளைக வாசிக்கட்டும், வச்சுக்கங்க. அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது. மதினிய அவுக அடிச்சப்பயெல்லாம் நான் வாயத் தொறக்காம நின்னேன். இதையாவது செய்யணும்ல?”

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். நீ எங்கே என்று அவள் கேட்கவே இல்லை. “தெரிஞ்சா என் வாயில இருந்து பிடுங்கிருவாக, சொல்லாதீக” என்றாள். ராஜாத்தி பொக்கை வாயோடு போனதே, முன்பல் முளைத்ததா என்று மட்டும் கேட்டாள்.

நீ ஓடியிருக்க வேண்டாம். திரும்பி வா.

ஜெபராணி


(தட்டான் பதிப்பகத்தின் 1975 கோடைப் புத்தகங்கள் எல்லாவற்றிலும், கடைசிப் பக்கத்தில் அச்சானது)

அன்புள்ள தும்பை அக்காவுக்கு,

போன வருஷம் உங்களுக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் எப்போதும் விலாசம் போடுவோம். இனி யாருடைய விலாசத்தையும் போடுவதில்லை. அதனால் இங்கேயே எழுதுகிறோம். நீங்கள் இருக்கிற ஊரிலும் புத்தகம் வாசிக்கிற ஒரு பிள்ளை இருக்கும் அல்லவா?

எலிக்குட்டி என்ன ஆனது என்று பிள்ளைகள் கேட்டு எழுதுகிறார்கள். பூனைக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. குட்டி தும்மியது அத்தை எலியின் காதில் மட்டும்தான் விழுந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மாதம் ஒருமுறை அத்தை எங்கள் கடைக்கு வந்து, பதில் வந்ததா என்று பார்த்துவிட்டுப் போகிறாள். அவள் கேட்பது ஒன்றுதான். குட்டிக்கு முன்பல் முளைத்துவிட்டதா?

இப்படிக்கு,
ஜெபராணி அக்கா,
தேனி