பரிசோதனைச் சீட்டு

மார்ச் 4, செவ்வாய்

சூப்பர்வைசர் ஆகி இன்றோடு ஒரு மாதம். கனரக வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஷெட்டில் ஏழு மெக்கானிக்குகள். பதினான்கு வருடம் என்னோடு ஒரே கிரீஸைப் பூசிக்கொண்டவர்கள். எந்த இயந்திரத்தைக் கொடுத்தாலும் பிரித்து மேய்ந்துவிடுவார்கள். வேலையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பதுதான் என் வேலை.

மத்தியானம் கேபினில் தனியாகச் சாப்பிட்டேன். நானே போய் அவர்கள் பெஞ்சில் உட்காரலாமே? போன வாரம் உட்கார்ந்தேன். பேச்சு டக்கென்று நின்றது. "மேடத்துக்கு இடம் விடுங்கப்பா" என்றார் வெல்டர். அதற்குப் பிறகு போகவில்லை.

மார்ச் 6, வியாழன்

மகள் போன் செய்தாள். ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லையாம். நான்கு நிமிடம். வேலை தவிர இன்று நான் பேசியது அவ்வளவுதான்.

மார்ச் 11, செவ்வாய்

ஹைட்ராலிக் பம்ப் வேலை பார்ப்பவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கூடப்பிறந்தவர் இல்லை. "பொம்பளைக்கு இங்க என்ன வேலை?" என்று எல்லோரும் கேட்ட முதல் நாளில், நகர்ந்து எனக்கு இடம் விட்ட ஒரே ஆள். இன்று மண் அள்ளும் லோடரின் பம்ப்பில் காதை வைத்து, "நல்லாத்தான் ஓடுது" என்றார். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உலுக்குவதுபோல் அது கத்தியது. பத்தடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது. கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

மார்ச் 13, வியாழன்

முழங்கைச் சிராய்ப்புக்கு மருந்து போட்டுவிட்டு எழுதுகிறேன்.

லோடர் ரிவர்ஸில் வந்தது, ஹாரன் அடித்துக்கொண்டே. அண்ணன் முதுகைக் காட்டிக் குனிந்து ஹோஸ் குழாயை மாட்டிக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். வெல்டரும் கத்தினார். திரும்பவே இல்லை. ஓடிப்போய்க் காலரைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் தரையில். டயர் ஹோஸின் மேல் ஏறி நின்றது.

"ஏதோ நெனப்புல இருந்துட்டேம்மா" என்று சிரித்தார்.

"அண்ணே, உங்களுக்குக் காது கேக்குதா?"

சட்டையைத் தட்டிக்கொண்டே எழுந்து போனார். கேட்கவில்லையா, சொல்லப் பிடிக்கவில்லையா?

மார்ச் 14, வெள்ளி

அண்ணன் கேபினுக்கு வந்து கதவைச் சாத்தினார். உட்காரவில்லை. "ரெண்டு வருஷமா இப்படித்தான். பசங்க பாத்துக்கறாங்க. மேல எழுதிடாதம்மா, வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நீ கண்டுக்காம இருந்தா போதும்."

அப்போ எல்லாருக்கும் தெரியும். ரெண்டு வருஷம்னா நானும் அங்கதானே இருந்தேன்? என்னத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன்?

மார்ச் 17, திங்கள்

எழுதிவிட்டேன். காது பரிசோதனைக்கான சீட்டு. மூன்றைக் கிழித்துப் போட்டு, நான்காவதில் கையெழுத்துப் போட்டேன். நானே கொண்டுபோய் அண்ணனிடம் கொடுத்தேன். படித்தார், மடித்தார், பையில் வைத்தார்.

"சரிங்க மேடம்."

அம்மா என்று கூப்பிட்ட வாய்.

மார்ச் 24, திங்கள்

ரிப்போர்ட் வந்தது. அண்ணனுக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது. இடது பாதிதான். வண்டிகள் நடமாடும் இடத்தில் அவர் இனி நிற்கக் கூடாது. பம்ப் பிரித்துப் பூட்டும் அறையில் போட்டிருக்கிறேன். வேலை போகவில்லை. அதற்காக மேனேஜரிடம் ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டியது யாருக்கும் தெரியாது. போய்ச் சொல்லிக்கொண்டிருக்கவும் மாட்டேன்.

எல்லோர் முன்னாலும் வெல்டர் சொன்னார்: "நாற்காலி வந்ததும் கூட இருந்தவனையே காட்டிக்கொடுத்தாச்சு." ஒருவர்கூட மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பார்த்துக் கத்தினேன். அன்னைக்கு அண்ணன் செத்திருந்தா எல்லாரும் சேர்ந்து தூக்கிட்டுப் போயிருப்பீங்களாடா?

ஏப்ரல் 2, புதன்

வேலை சுத்தமாக நடக்கிறது. பேச்சுதான் இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் போன பிறகு வெல்டர் திரும்பி வந்தார். சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டாராம். பை தோளில்தான் தொங்கியது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன்.

"உக்காருங்க" என்றார். சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பத்தவைக்கிற கோடு எனக்கு ரெண்டு ரெண்டா தெரியுது. போன வாரம் ஒரு லோடர் பக்கெட்டைத் தப்பாப் பத்தவச்சு, வெட்டித் திரும்ப ஒட்டினேன். யாருக்கும் தெரியாது. வீட்ல கூடச் சொல்லல."

"எத்தனை நாளா?"

"ஆறு மாசம் இருக்கும்." தோள் பையை இழுத்துவிட்டுக்கொண்டார். "எனக்கும் ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

கண் பரிசோதனை என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கதவு வரை போனவர் அங்கேயே நின்றார்.

"யாராவது கூட வந்தா நல்லாருக்கும்."

நாளை காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன்.