ஏரம்பர் வீட்டுக்குப் போன பொங்கல் வாழ்த்து

உ
முறிகண்டிப் பிள்ளையார் துணை

கனகராயன்குளம்
30.1.66

அன்புள்ள மகன் தவராசாவுக்கு,

அப்பா, விமலா, நான், மாடு கன்று, கோழி குஞ்சு எல்லாரும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டுமென்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். உன் காகிதமும் படமும் வந்து சேர்ந்தன. படத்தில் கன்னம் ஒட்டிப்போய் இருக்கிறாய். லண்டனில் அரிசி கிடைக்கிறது என்று ஒவ்வொரு காகிதத்திலும் எழுதுகிறாயே, அதைச் சமைக்கிறாயா அல்லது வைத்துப் பார்த்துக்கொண்டு இருக்கிறாயா? படத்தில் உன் தோளில் ஒரு கை கிடக்கிறது, கைக்கு உரியவரை நீ கத்தரித்துவிட்டாய். நான் கண்ணாடியைப் போட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், சட்டைக் கை ஆண்பிள்ளையின் சட்டைக் கைதான், ஆனபடியால் இந்த முறை ஒன்றும் கேட்காமல் விடுகிறேன். குளிர் நாளில் தலை முழுகாதே, முழுகினால் ஈரம் போகத் துவட்டு.

விமலாவின் சம்பந்தம் ஆவணியோடு அப்படியே நின்றுவிட்டது என்று உனக்கு எழுதியிருந்தேன். ஓமந்தை ஏரம்பரும் மகன் யோகலிங்கமும் பெண் பார்க்க வந்தார்கள், சாதகம் பொருந்தியிருந்தது, பெடியன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறான், அடக்கமான பிள்ளை, விமலா கொண்டுபோன தேத்தண்ணியைக் குடித்துவிட்டு இன்னும் ஒன்று கேட்டான், அவளும் அன்று முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள். இதற்குள் ஏரம்பர் அப்பாவோடு பட்டிக்குப் போய் மாடுகளைப் பார்த்துவிட்டு வந்தார், வந்தவரின் முகம் வேப்பெண்ணெய் குடித்த முகம், வைத்த பலகாரத்தைத் தொடவில்லை, பிறகு அறிவிக்கிறம் என்று சொல்லி வண்டியைக் கட்டச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஓமும் இல்லை, இல்லையென்றும் இல்லை. முறுக்குக் கல்லாய்ப் போய்விட்டதோ என்று நான் கவலைப்பட்டேன், சீதனம் காணாதாக்கும் என்று அப்பா வளவு அதிரக் கத்தினார், விமலாவின் பாட்டு நின்றுபோனது. அவளுக்கு அந்தப் பெடியனில் விருப்பம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, நாட்கள் போகப் போக எனக்குச் சோறு இறங்கவில்லை தம்பி.

இப்படி இருக்கும்போது மார்கழியில் முல்லைத்தீவிலிருந்து யூலிற்றா, வவுனியாவில் விமலாவோடு தையல் படித்த பிள்ளை, நத்தாருக்குத் தன் கையால் செய்த வாழ்த்து மட்டை ஒன்று அனுப்பியிருந்தாள். வெள்ளைக் கடதாசி, அதில் ஒரு நட்சத்திரம், மையும் இல்லை நிறமும் இல்லை, கடதாசியே அந்த இடத்தில் புடைத்து நிற்கிறது, கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் நட்சத்திரம் என்று விரல் சொல்லும். பார்க்க வந்த சனமெல்லாம் தடவித் தடவி அது இப்போது ஊத்தை நட்சத்திரமாகிவிட்டது. விமலா யூலிற்றாவிடம் செய்முறையைக் கேட்டு எழுதி, இந்தப் பொங்கலுக்குக் கடை மட்டை வேண்டாம், நானே செய்யிறன் என்று வெளிக்கிட்டாள். பிள்ளையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததே என்று எனக்குச் சந்தோசம். அந்தச் சந்தோசம் என் குசினிக்குள் அவள் காலடி எடுத்து வைக்கும் மட்டும் இருந்தது. வத்தாளங்கிழங்கைப் பாதியாக வெட்டி அதில் சூரியனும் கரும்பும் செதுக்கினாள், வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்திதழ்ப் பூ வருமாம், அதற்கென்று வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்தாள், மஞ்சளைக் கரைத்தாள், குங்குமத்தைக் கரைத்தாள், தொட்டுத் தொட்டுக் குத்தினாள். அன்று கறிக்கு எனக்குக் கிடைத்தது பூக் குத்தி மிஞ்சின வெண்டிக்காய். நான் கழுவித்தான் போட்டேன். அப்பா சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலையும் போட்டுக்கொண்டு வந்துதான் கறி ஏன் நீலமாக இருந்தது என்று கேட்டார்.

கடதாசி புடைக்க வைக்கிற வேலை இன்னும் பெரிய வேலை. முதிரைப் பலகையில் பொங்கல் பானையைக் குழிவாகக் குடைய வேண்டும், தடித்த கடதாசியை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பதமாக்கி, குழிக்கு மேலே போட்டு, கரண்டியின் முதுகால் மெல்ல மெல்ல அமத்த வேண்டும், காய்ந்து எடுத்தால் மறுபக்கத்தில் பானை எழும்பி நிற்கும். பலகை குடைகிறது என்றதும் அப்பா உளியைக் கொண்டு வந்துவிட்டார், ஒரு வேலையைத் தூர நின்று பார்க்கிற மனிதரா உன் அப்பா? பானை நல்லாக வந்தது, நான் சொல்லத்தான் வேண்டும். அந்தச் சந்தோசப் புளுகத்தில் இன்னொரு பலகையில் பொங்கல் வாழ்த்து என்று எழுத்தும் வெட்டினார். குத்திப் பார்த்தால் எல்லா எழுத்தும் இடம் வலம் மாறி நிற்கிறது. விமலா சிரித்துவிட்டாள். அதற்கென்ன, எல்லாற்றை வீட்டிலையும் முகம் பாக்கிற கண்ணாடி இருக்குத்தானே, அதிலை பிடிச்சு வாசிக்கட்டும் என்று அப்பா சண்டைக்கு வந்தார். காயப் போட்ட மட்டைகளில் ஒன்றில் என் சேவல் நீலத்தை மிதித்துவிட்டு ஏறி நடந்தது, அதை எறிய மனமில்லாமல் யாழ்ப்பாணத்துக்கு உன் இரஞ்சிதம் சித்திக்கு அனுப்பினோம், வந்த மட்டைகளுக்குள் அந்தப் பூதான் நல்ல வடிவு, எந்தக் காய் வெட்டிக் குத்தினது என்று கேட்டு எழுதியிருக்கிறாள்.

இனி உன் அப்பா செய்த பெரிய கூத்தைக் கேள். நாங்கள் மாட்டுக்குக் குறிசுடுகிற இரும்பு உனக்குத் தெரியும், சூலமும் சூலத்துக்குக் கீழே ஒரு வளையமும். ஒருநாள் அதை அடுப்பில் இலேசாகச் சூடு காட்டி, ஈரக் கடதாசிக்குக் கீழே பழஞ்சாக்கை மடித்துப் போட்டு, மேலே வைத்து அமத்தினார். சூலம் அப்படியே பதிந்து, ஓரமெல்லாம் பொரித்த அப்பளம் போலப் பொன்னிறமாகி, உண்மையைச் சொன்னால் விமலா குத்தினதெல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்காது. மாட்டின் தொடையில் வைக்கிறதை மனிசருக்கு அனுப்புகிற கடதாசியில் வைக்கலாமா என்று கேட்டேன். அரசாங்கக் கடதாசியிலை சிங்கம் நிக்கேக்கை என்ரை கடதாசியிலை என்ரை குறி நிண்டா உனக்கென்ன என்றார். எல்லா மட்டைக்கும் மூலையில் ஒன்று வைத்தார். ஓமந்தைக்கும் ஒன்று அனுப்பத்தான் வேண்டும், எங்களுக்கு வருத்தமில்லை என்று காட்டவேண்டும் என்று நான் சொன்னேன். சம்பந்தி வீடு, மரியாதை வேணும் என்று சொல்லி அந்த மட்டைக்கு மட்டும் மூலையை விட்டுவிட்டு நட்ட நடுவில் இரும்பை நன்றாகக் காய்ச்சி வைத்தார். பூவும் இல்லை, பானையும் இல்லை, சொல்லும் இல்லை, சூலமும் வளையமும் மட்டும். கீழே தன் பெயரைப் போட்டார்.

பட்டிப் பொங்கல் முடிந்த அடுத்த கிழமை, பகல் பதினொரு மணியிருக்கும், படலையில் வண்டி வந்து நின்றது. ஏரம்பர் இறங்கினார், சால்வையைத் தோளில் இருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார், உள்ளே வரவில்லை. வண்டிக்குப் பின்னால் ஒரு எருது கட்டியிருந்தது, நல்ல கொழுத்த சிவலை, கொம்புக்குச் சாயம், புதுக் கயிறு. அதற்கும் பின்னால் யோகலிங்கம் சைக்கிளோடு நின்று, காற்றுப் போகாத சில்லை அமத்தி அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். மாட்டின் தொடையைப் பார்த்தேன், எங்கள் சூலம். முந்தின வருஷத்து மார்கழிச் சூறாவளியில் காட்டுக்குள் போய்த் திரும்பாத எங்கள் சிவலை. அதைத் தேடி அப்பா சாத்திரம் கேட்டதும், வடக்கே நிற்கிறது என்று சொன்னதை நம்பி பஸ் ஏறி ஆனையிறவு மட்டும் போய் உப்பளத்துக்காரரிடம் மாடு விசாரித்ததும், அவர்கள் விசரன் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பினதும் உனக்கு எழுதியிருக்கிறேன். மாடு நின்றது தெற்கே, ஓமந்தையில், ஏரம்பரின் பட்டியில்.

ஏரம்பர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சூறாவளிக்குப் பிறகு தன் மாடுகளோடு சேர்ந்து வந்ததாம், அக்கம் பக்கத்தில் கேட்டும் ஒருவருக்கும் குறி தெரியவில்லையாம், ஒரு போகம் உழுதாராம். ஆவணியில் எங்கள் பட்டியைப் பார்த்தபோதுதான் நிற்கிற மாடெல்லாம் அதே சூலத்தோடு நின்றதாம். உங்கடை மாட்டைத் தொழுவத்திலை கட்டி வச்சுக்கொண்டு உங்கடை பிள்ளையை எந்த முகத்தோடை கேக்கிறது, அந்த நாளிலயிருந்து அதின்ரை கழுத்திலை நுகம் வைக்கேல்லை, தீனி மட்டும் போடுறன், கொண்டு வந்து விடுவமெண்டால் கள்ளனெண்டு சொல்லுவியளோ எண்டு வெக்கம், நீங்கள் கண்டுபிடிச்சு ஒரு சொல்லும் எழுதாமல் குறியை மட்டும் அனுப்பிவிட்டியள், அதுவும் பொங்கலுக்கு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். எங்களுக்கு இது ஒன்றுமே தெரியாது, நான் வாயைத் திறந்தேன், அப்பா என்னைப் பார்த்த பார்வையில் மூடிவிட்டேன். சாய்மனைக் கதிரையில் கால்மேல் கால் போட்டு, எனக்கு எப்பவோ தெரியும், நீங்களாய் வாறியளோ எண்டு பாத்தனான் என்றார் தம்பி, வாய் கூசாமல்! அதோடு நிறுத்தியிருந்தால் நல்லது. ஒரு போகம் உழுதது என்ற சொல் அப்போதுதான் அவருக்கு உள்ளே இறங்கியிருக்க வேண்டும், ஆனையிறவு வெயிலும் ஞாபகம் வந்திருக்கும், எழும்பி நின்று, பிறத்தியான்ரை மாட்டை நுகத்திலை பூட்டத் தெரிஞ்சவருக்கு நாலு ஊர் தாண்டி விசாரிக்கத் தெரியேல்லையோ என்று கத்தினார். ஏரம்பரும் ரோசக்காரர். மாட்டைப் பிடியுங்கோ, சம்பந்தக் கதையை இதோடை விடுவம் என்று கயிற்றை அப்பாவின் கையில் வைத்துவிட்டு வண்டிப் பக்கம் திரும்பினார். ஒரு மாட்டால் என் பிள்ளையின் வாழ்வு போகிறதே என்று பிள்ளையாரைக் கூப்பிட்டேன்.

அப்போது விமலா கதவுக்குப் பின்னால் இருந்து வெளியே வந்தாள். முழங்கை வரைக்கும் இன்னும் போகாத நீலம். ஆண்களைப் பார்த்துக் கதைக்காமல் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் வண்டிக்காரனுக்கும் கேட்டது. அம்மா, அப்பாட்டைச் சொல்லுங்கோ, அந்த மாட்டை ஏன் இஞ்சையும் அங்கையும் இழுத்தலைக்கிறியள், அது அங்கையே நிக்கட்டும், நானும் அங்கைதானே போகப்போறன் என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். யோகலிங்கத்தின் கை பட்டுச் சைக்கிள் மணி அடித்தது, பாவம், அது நிற்கவும் இல்லை, ஏனென்றால் பதறின பெடியன் அதையே திரும்பத் திரும்ப அமத்திக்கொண்டு நின்றான். முதலில் சிரித்தவர் ஏரம்பர். பிறகு அப்பா. கயிற்றைத் திருப்பி ஏரம்பரின் கையில் கொடுத்து, சீதனத்திலை ஒண்டு முன்கூட்டியே வந்து சேந்திட்டுது எண்டு எழுதிக்கொள்ளுங்கோ என்றார். அன்று ஏரம்பர் பலகாரமும் சாப்பிட்டார், கல்லு முறுக்கென்று ஒரு சொல் சொல்லவில்லை. வைகாசியில் நாள் வைத்துவிட்டுத்தான் போனார்கள். அப்பா இப்போது ஊரெல்லாம் தான் ஒரு மட்டையால் மாடு பிடித்த கதை சொல்லித் திரிகிறார், மாட்டைத் தொலைத்த இரண்டு பேர் வந்து வாழ்த்து மட்டை செய்து தரும்படி கேட்கிறார்கள்.

வண்டி போகும்போது நான் படலையில் நின்றேன். தாய் செத்த கன்றென்று நான் கஞ்சி பருக்கி வளர்த்த சிவலை, ஒருக்கால் என்றாலும் திரும்பிப் பார்க்குமென்று நின்றேன், பார்க்கவில்லை, தன் வீட்டுக்குப் போகிற மாடு போலப் போனது. எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்க எனக்கு மட்டும் அழுகை வந்துவிட்டது. போகப்போறன் என்று எவ்வளவு இலேசாகச் சொல்லிவிட்டாள் தம்பி. நாங்கள் தருகிறோம் என்று அதுவரை சொல்லவே இல்லை. ஐந்து மாதமாக இவள் போகவேண்டும் போகவேண்டும் என்று நேர்த்தி வைத்தவளும் நான்தான், போகிறேன் என்றதும் நெஞ்சு பதைக்கிறவளும் நான்தான். இதை அப்பாவிடம் சொல்லவில்லை, உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

பிள்ளையார் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தருவார். நேரத்துக்குச் சாப்பிடு, அரிசியைச் சமைத்தே சாப்பிடு. ஒன்று மறக்காதே, கலியாணத்தில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே கூட்டி வருவது பெண்ணின் சகோதரன்தான். லீவு கிடைக்காது, கப்பல் காசு அதிகம் என்று நீ எழுதுவாய் என்று அப்பாவுக்கு இப்போதே ஒரு எண்ணம். உனக்குப் பதிலாகக் கால் கழுவ இராசேஸ்வரியக்காவின் மகனைக் கேட்டு வைப்போமா என்று நேற்றும் கேட்டார், இன்றும் கேட்டார். நான் இன்னும் ஓம் சொல்லவில்லை.

இப்படிக்கு,
என்றும் உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
அ. இலட்சுமி