தனியாக இறங்குகிறவனுக்கு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை; ஏதோ இருக்கிறோம். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. கடிதத்தை அப்படி ஒதுக்க முடியாது, பார்.

நீ இருக்கும் தீவிலிருந்து உங்கள் படகுக்காரர் பேசினார். "தம்பியத் தேடுறேன்னு தினமும் தனியா இறங்குறாம்மா. ஜோடி இல்லாம இறங்கக் கூடாதுன்னு ஸ்கூபா கத்துக்க வர்றவங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறதே அவன்தான். நான் சொன்னா கேக்குறானா?" என்று புலம்பித் தீர்த்துவிட்டார். ஆழத்திலிருந்து அவசரமாக ஏறி, மூட்டெல்லாம் வலித்துப் படுத்துவிட்டாயாமே? இனி கடலில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியும் மறுநாளே சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டாயாம். அடப்பாவி, உயிர் என்ன கடையில் கிடைக்கிற சரக்கா?

அன்று நடந்ததையும் அவர்தான் சொன்னார். பவளப்பாறை பார்க்க வந்தவர்களைப் படகில் ஏற்றித் தலைகளை எண்ணிச் சரிபார்த்திருக்கிறாய். சின்னவனை எண்ணவில்லை. பாறையிலிருந்து நங்கூரத்தை விடுவித்துவிட்டு அவன் எப்போதும் கடைசியில்தானே ஏறுவான்? அதனால் யாரும் பதறவில்லை. பதறியபோது நீரோட்டம் அவனைக் கொண்டுபோயிருந்தது. வந்தவர்களை எண்ணுவதுதான் உங்கள் வழக்கம். கூடப் பிறந்தவனை யாரடா எண்ணிப் பார்ப்பார்கள்?

அப்பாவுக்கு உன்மேல் கோபம் என்று உனக்குப் பயம். கோபம் இருந்தது, மறைப்பானேன்? படகுக்காரர் பேசியதைச் சொன்னதும் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, "அவனையாவது வரச் சொல்லுடி" என்றார். பிறகு யாருடைய சட்டைக்கோ கையை மாற்றித் தைத்துவிட்டு, அதைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போதும், கண்ணா. தேட வேண்டியவர்கள் எல்லாரும் தேடியாயிற்று. சின்னவன் கிடைக்க மாட்டான். இதை நான்தான் எழுத வேண்டும். கடலுக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தாயிற்று; இன்னொருவனைக் கொடுக்க என்னிடம் தெம்பில்லை.

அவன் இல்லாமல் எந்த முகத்தோடு வீட்டுப் படி ஏறுவது என்றுதானே அங்கேயே கிடக்கிறாய்? வெறுங்கையோடு வா. உன்னைப் பார்த்ததும் அழுவேன், அப்புறம் திட்டுவேன், அப்புறம் சோறு போடுவேன். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.

தீர்க்காயுசாக இரு என்று எல்லா அம்மாக்களும்தான் எழுதுவார்கள். நான் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், இருடா.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா