வெல்ல மாங்காய் போட்ட மீன் குழம்பு

ஏனாம்
18.6.1979

அன்புள்ள பங்கஜத்துக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே ஆபீசில் சனிக்கிழமைதோறும் ஒருவர் முறைவைத்து எல்லோருக்கும் குழம்பு கொண்டுவர வேண்டும். இந்த முறை நான். மீன் குழம்பைக் கொதிக்கவிட்ட பிறகுதான் புளி வாங்கவில்லை என்பதைக் கவனித்தேன். மானம் போகப்போகிறதென்று பயந்து, புளிப்புக்காக நீ ஜாடியில் கொடுத்தனுப்பிய வெல்ல மாங்காயை மூன்று கரண்டி போட்டேன்.

இங்கே என்னோடு வேலை பார்க்கும் நம் பட்டினச்சேரிக்காரர் பூமிநாதன் முதல் கவளத்திலேயே, "அண்ணே, இந்தக் கைய இத்தனை நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? இன்னும் ஊத்துங்க!" என்றார். சட்டி காலி! எனக்கே நம்பமுடியவில்லை.

அடுத்த மாதமும் நானேயாம். ஜாடியில் ஒரு கரண்டிதான் மிச்சம். வெல்ல மாங்காய் செய்முறை கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அளந்து போட்டாலும் நான் தவறிவிடுவேன். நீயே வந்து பத்து நாள் இருந்தால் என்ன?

தபால் பையைக் கட்டப்போகிறார்கள், முடிக்கிறேன்.

சோமசேகரன்