ஆறு புள்ளிகளும் இருக்கட்டும்

மார்ச் 3

காலையிலேயே தலைவரோடு உரசல். எங்கள் பிரிவுத் தலைவருக்கு நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் வழவழ. எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் "வழவழன்னு வரணும்மா" என்பார்.

ரத்தப் பரிசோதனைத் தகடு வார்க்கிற அச்சுக்குத்தான் இத்தனை பாடு. உள்ளங்கை அளவு எஃகுத் துண்டு, அதில் நூல் மாதிரிக் கால்வாய்கள். நாலைந்து தலைமுடியைச் சேர்த்துப் பிடித்தால் என்ன தடிமனோ, அவ்வளவுதான் அவற்றை வெட்டுகிற கட்டர். கால்வாயின் அடி எவ்வளவு சொரசொரப்பாக வரும் என்று வெட்டுவதற்கு முன்பே சொல்கிற கணக்கு என்னுடையது. கட்டரை மெதுவாக நகர்த்தினால் வழவழப்பாக வரும், அது எல்லோருக்கும் தெரியும். ரொம்ப ரொம்ப மெதுவாக நகர்த்தினால்? அங்கேதான் என் வரைபடத்தில் ஆறு புள்ளிகள் முறைத்துக்கொண்டு மேலே ஏறி நிற்கின்றன. மறுபடி சொரசொரப்பு.

"அளந்ததுல ஏதோ கோளாறும்மா. அந்த ஆறையும் தூக்கிடு, கோடு நேரா வந்துடும்."

தூக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 4

தூக்கவில்லை.

மார்ச் 6

என் வீட்டுக்காரருக்கு வேலை போனதிலிருந்து சமையல் அவர் பொறுப்பு. இன்று தக்காளியை நறுக்குகிறேன் என்று நசுக்கிக்கொண்டிருந்தார். "கத்தி மொக்கையா இருந்தா நான் என்ன பண்றது?"

இதையேதான் நானும் ஆபீஸில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! கட்டரின் முனை கண்ணுக்குத்தான் கூர். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மழுங்கல். ரொம்ப மெதுவாக நகர்த்தி, அந்த மழுங்கலைவிட மெல்லிசாகச் சீவு என்றால் அது எப்படிச் சீவும்? எஃகை அமுக்கித் தேய்த்துவிட்டுப் போகும். அந்த ஆறு புள்ளியும் அதுதான்.

"இதை உங்க தலைவர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"வழவழன்னு வரணும்னார்."

சிரித்தார். அப்புறம் குரலை இறக்கி, "பார்த்து நடந்துக்கோடி. இப்போ உன் சம்பளம் ஒண்ணுதான்" என்றார். எனக்குத் தெரியாதா?

மார்ச் 10

கூட்டத்தில் வாடிக்கையாளர் பக்கத்து ஆட்கள் எதிரே. திரையில் என் வரைபடம். ஆறு புள்ளிகளைக் காணோம்! கோடு நேராகப் போகிறது, கீழே என் பெயர். "எவ்வளவு மெதுவோ அவ்வளவு வழவழப்பு" என்று வழவழ வாக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

எழுந்துவிட்டேன். "அது என் படம் இல்ல சார். என் பேரை எடுத்துடுங்க."

சாயங்காலமே என்னைச் சரக்கு வரவுச் சோதனைக்கு மாற்றிவிட்டார். போல்ட் எண்ணுகிறேன். எண்ணினால் என்ன, குறைந்தா போய்விடுவேன்?

மார்ச் 12

போல்ட் எண்ணும்போது மனசு சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஆறு புள்ளிக்கும் ஒரே கட்டர்தான். அதுவும் ஏற்கெனவே உழைத்துக் களைத்த கட்டர். ஒருவேளை வழவழ சொன்னதுதான் சரியோ? இருக்கலாம் — ஆனால் வெட்டிப் பார்த்துத்தான் அது தெரியவேண்டும். அழித்துவிட்டால் எப்படித் தெரியும்?

மார்ச் 16

நேரே வழவழவின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தவில்லை, எல்லோருக்கும் கேட்கட்டும்.

"சோதனை அச்சு எப்படியும் வெட்டணும் சார். புது கட்டர் போடுங்க. அந்த ஆறு வேகத்துக்கும் எவ்வளவு சொரசொரப்பு வரும்னு முதல்ல நான் ஆறு எண்ணைப் பலகையில எழுதுறேன், அப்புறம் வெட்டுங்க. தப்புன்னா ராஜினாமா கொடுத்துடறேன்."

"எழுதும்மா. பலகை பெருசாத்தான் இருக்கு."

வீட்டில் சொன்னதும் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார், அதனால்தான் கேட்கவில்லை.

மார்ச் 18

நாலு தப்பு.

முதல் ஆறு கால்வாய்களும் ஆறு வேகத்தில். ஆக மெதுவான இரண்டு மட்டும் நான் எழுதியபடி சொரசொரத்தன. மற்ற நாலும் பளபளவென்று வந்து நின்றன. வழவழ பலகையில் நாலு பெருக்கல் குறி போட்டார். "ராஜினாமா எங்கம்மா?"

இங்கே மட்டும் அழக்கூடாது, இவர் முன்னால் அழவே கூடாது. பலகையையே பார்த்தேன். ஆனால் இரண்டு ஏறியிருக்கிறதே! புது முனைக்குக் கூர் அதிகம். அதனால் சொரசொரப்பு மறுபடி ஏறுகிற இடம் தள்ளிப் போயிருக்கிறது, இல்லாமல் போகவில்லை. என் கணக்கில் முனை தேய்வதையே நான் சேர்க்கவில்லை.

"அச்சு முழுக்க இதே கட்டர்தானே சார் வெட்டப்போகுது? முழுசா வெட்டி முடிங்க. கடைசியில அதே ஆறு வேகத்துல இன்னொரு தடவை வெட்டுங்க. அப்பவும் வழவழன்னு வந்தா ராஜினாமாவை வாங்கிக்குங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் மெஷின்காரர் பொத்தானை அழுத்திவிட்டார்.

மார்ச் 20

ஆறும் ஏறிவிட்டன. ஆறும்! வழவழ நம்பாமல் திரும்பத் திரும்ப அளக்கச் சொன்னார். எண்கள் அசையவில்லை.

வீட்டில் அவர் புதுக் கத்தி வாங்கி வைத்திருக்கிறார்.

மார்ச் 27

மறுபடி என் மெஷின் பக்கத்தில், என் நாற்காலியில். வாடிக்கையாளருக்குப் புது வரைபடம் போகிறது: புது கட்டருக்கு ஒரு கோடு, தேய்ந்த கட்டருக்கு ஒரு கோடு, இதற்குக் கீழே மெதுவாகப் போகாதே என்று ஓர் எல்லை. வழவழ கூப்பிட்டார். மன்னிப்பெல்லாம் இல்லை.

"இந்தப் படத்துல உன் பேரைப் போடலாமாம்மா?"

"அந்தப் பழைய ஆறு புள்ளியும் இருந்தா போடுங்க சார்."

"அது இருக்கு. பலகையில தப்பாப் போன நாலு எண்ணையும் ஏம்மா போட்டு வச்சிருக்க? பார்க்கிறவங்க உன்னைப் பார்த்துத்தான் சிரிப்பாங்க. தூக்கிடலாமே."

இந்த முறை எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். அது முகத்திலேயே தெரிந்தது.

"இருக்கட்டும் சார்" என்றேன். நாலையும் சிவப்பில் போட்டுத்தான் அனுப்பினேன், அடியில் என் பெயரோடு.