விடுப்பு எடுக்காதவர்

ஸ்போகேன்
அக்டோபர் 22, 2025

அன்புள்ள அப்பா,

நாள் முழுக்க மைக்கில் விமானங்களோடு பேசிவிட்டு, போனில் என்னிடம் ‘உம்’ கொட்டுவதோடு சரி. அதனால்தான் கடிதம். நவம்பர் எட்டு, சனிக்கிழமை, என் கல்யாணம். பட்ஜெட் நிறைவேறாமல் அரசாங்கமே பூட்டிக் கிடக்கிறது, உங்களுக்குச் சம்பளமும் இல்லை. உங்கள் விடுப்பை மட்டும் ரத்து செய்வார்களாம். எத்தனையோ பேர் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் இருக்கிறார்கள். எனக்காக ஒரே ஒரு நாள் நீங்களும் சொல்லக்கூடாதா? சர்ச்சில் என் கையைப் பிடித்து நடத்திப்போக வேறு யார் இருக்கிறார்கள்?

உங்கள்
கெல்சி

மில்பர்ன், மொன்டானா
அக்டோபர் 30

அன்பு மகளே,

முந்தாநாள் வந்த சம்பளச் சீட்டில் வெறும் பூஜ்யம்தான். இருந்தாலும் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் நானும் என்னோடு வேலை பார்க்கும் லானியும் மட்டும்தான். நான் வராவிட்டால் அவன் தனியாக மாட்டிக்கொள்வான். கோபித்துக்கொள்ளாதே.

அப்பா

மில்பர்ன்
நவம்பர் 25

அன்பு மகளே,

கல்யாணம் நல்லபடியாக நடந்ததா? ஒரு வரி கூட எழுதவில்லையே நீ. அரசாங்கத்தின் பூட்டைத் திறந்துவிட்டார்கள். பாக்கிச் சம்பளம் வந்தது. ஒருநாளும் விடுப்பு எடுக்காதவர்களுக்குப் பத்தாயிரம் டாலர் பரிசாம், எங்கள் கோபுரத்தில் எனக்கு மட்டும்தான். கல்யாணச் சீராக அந்தத் தொகைக்குக் காசோலை இதோடு வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் ஆறவில்லை. யாருக்காக உன் கல்யாணத்தை விட்டேனோ அந்த லானி, அதே சனிக்கிழமை காய்ச்சல் என்று சொல்லிவிட்டான். முந்தின நாள் கல்லு மாதிரி இருந்தவன். தனியாளாகப் பாதி விமானங்களை நிறுத்திவைத்தேன். ஆத்திரத்தில், அவன் பொய் சொல்கிறான் என்று மேலதிகாரிக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். இப்போது விசாரணை நடக்கிறது.

அப்பா

ஸ்போகேன்
டிசம்பர் 3

அப்பா,

லானி மாமாவுக்குக் காய்ச்சல் இல்லைதான். இரவெல்லாம் கார் ஓட்டிக்கொண்டு என் கல்யாணத்துக்கு வந்தார். நான் கூப்பிடவில்லை. தனியாக நடந்துபோகலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு நின்றிருந்தேன். வாசலில் வந்து நின்றார். “உங்கப்பனுக்குப் பொய் சொல்ல வராதும்மா. எனக்கு வரும். வா, போலாம்” என்றார். கையை நீட்டினார்.

உங்களிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதும் அவர்தான், நீங்கள் வருத்தப்படுவீர்களாம். அதனால்தான் எழுதாமல் இருந்தேன். காசோலையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என்னால் அதைத் தொட முடியவில்லை.

கெல்சி

மில்பர்ன்
டிசம்பர் 12

கெல்சி,

புகாரைத் திரும்பக் கேட்டேன். மேலே போய்விட்டதாம். நேற்று அவனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். எதற்காகச் சொன்னான் என்று புரியட்டும் என்று மேலதிகாரியிடம் நீ எழுதியதைக் காட்டினேன். அப்படியானால் பொய் சொன்னது உறுதிதானே என்றார்.

சாயங்காலம் லானி வீட்டுக்குப் போனேன். உள்ளே டிவி சத்தம் கேட்டது. மூன்று தடவை தட்டியும் கதவு திறக்கவில்லை.

கல்யாணப் படங்கள் இருந்தால் அனுப்பும்மா. அவன் உன் கையைப் பிடித்துக்கொண்டு வருகிற படத்தை ஒதுக்கிவைத்துவிடாதே. நான் அதைப் பார்க்கவேண்டும்.

அப்பா